ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தாய்?

போன வாரம் ஒரு மத்தியானம். எங்கள் தெருவில் ஆபீஸ் வைத்திருக்கும் ஷீபா வக்கீலிடமிருந்து போன். "சாரே, இங்க வரை ஒண்ணு வருமோ? ஒரு கேஸ் விஷயம். ஆளோட பார்யா வந்திருக்கு. அவங்க தமிழ் எனிக்கு மனசிலாகறதில்ல."

போனேன். வேறென்ன வேலை? மட்டாஞ்சேரியில் தனியாகக் குடியிருக்கும் என்னை யாராவது கூப்பிட்டால், எதற்கு என்றுகூடக் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொள்வேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது — கொலை வழக்கு!

பெயர்களை மாற்றிவிட்டேன். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்கு குடோன். அங்கே மூட்டை தூக்குகிறவர் முத்து. விருதுநகர் பக்கத்து ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட வேலை பார்த்த ஒருவர் அந்தக் குடோனில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். முந்தின நாள்தான் அவருக்கும் முத்துவுக்கும் பலத்த வாய்ச்சண்டை. போதாதா? முத்து இப்போது ஜெயிலில். ஊரிலிருந்து வந்திருந்தவர் அவர் மனைவி செல்வி.

கொலைக் குற்றச்சாட்டுக்கு என்னென்ன பதில் சொல்லலாம் என்று ஷீபா எனக்குப் பாடம் எடுத்தார். என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அடித்தேன் எனலாம். திடீரென்று ஆத்திரமூட்டினார்கள், நிதானம் இழந்துவிட்டேன் என்றால் குற்றம் ஒரு படி இறங்கலாம். புத்தி சுவாதீனம் இல்லை எனலாம். சரி, இதெல்லாம் அடித்தவர்களுக்கு. அடிக்காதவனுக்கு? 'நான் அங்கே இல்லவே இல்லை' — அவ்வளவுதான். கொலையை நிரூபிப்பது போலீஸின் பொறுப்பு. வேறு இடத்தில் இருந்தேன் என்று நிரூபிப்பது மட்டும் நம் பொறுப்பாம்.

இங்கேதான் முத்து சொதப்பிவிட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஞாயிறு என்றால் கூட்டுச் சமையல். தென்காசிக்காரர்கள் ஒரு அறையில், தேனிக்காரர்கள் இன்னொரு அறையில். கறி எடுத்து, ஆக்கிச் சாப்பிட்டு, சீட்டாடி... அவரவர் ஊர், அவரவர் சட்டி. முத்துவின் ஊரிலிருந்து வந்தவர் முத்து மட்டும்தான். அவரை யாரும் விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. சாயங்காலம் படகுத்துறையில் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார்.

இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? தென்காசிக்காரர்களோடு இருக்கிறேன், பிரியாணி, ஒரே அரட்டை என்று வாராவாரம் போனில் அளந்திருக்கிறார். போலீஸ் கேட்டபோதும் வாயில் அதுவே வந்துவிட்டது. தென்காசிக்காரர்களை விசாரித்தார்கள். எங்கள் அறைக்கு அவர் வந்ததே இல்லை என்று அவர்கள் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். பொய் சொன்னவன் கொலையும் செய்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டது போலீஸ்.

ரொம்ப நாள் கழித்துத்தான் முத்து ஷீபாவிடம் உண்மையைச் சொன்னார். அதற்குள் படகுத்துறைக் கடையின் கேமராவில் பழைய பதிவு அழிந்துவிட்டது. செல்போன் டவர்? குடோனுக்கும் படகுத்துறைக்கும் ஒரே டவர்தான்.

நானும் யோசித்துப் பார்த்தேன். போன ஞாயிறு சாயங்காலம் நான் எங்கே இருந்தேன்? வீட்டில். யார் பார்த்தது? டிவி பார்த்தது! சட்டத்தின் முன் எல்லோரும் சமமாம். நாலு பேர் உள்ளவனும் நாதியற்றவனும் சமம் இல்லை போலிருக்கிறது.

செல்வியிடம் கேட்கச் சொல்லி ஷீபா கொடுத்த கேள்வி இதுதான்: அன்றைக்கு அந்த நேரத்தில் உங்களோடு போனில் பேசினாரே, எங்கே இருப்பதாகச் சொன்னார்? புருஷன் ஒண்டியாய்க் கிடந்த கதையை நானா போட்டு உடைப்பது?

கேட்டேன்.

"தென்காசிக்காரங்க ரூம்லன்னுதான் சொன்னாரு. ஆனா ஒத்தையிலதான் இருந்தாருன்னு எனக்குத் தெரியுங்க. நாலு பேரு கூட இருந்தா போன்ல ஒரு பேச்சுச் சத்தம் கேக்காதா? ஒரு நாளும் கேட்டதில்ல. போட் வந்து இடிக்கறது, மணியடிக்கறது, கயிறு கட்டுறவரு மலையாளத்துல அதட்டுறது... இதுதான் கேக்கும். அன்னைக்கும் இதுதான் கேட்டுச்சு."

ஷீபா மளமளவென்று குறித்துக்கொண்டார். மனைவியின் சாட்சி, அதனால் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும் என்றார். ஆனாலும் போன் பேசிய நேரத்தையும் படகு வந்த நேரத்தையும் ஒத்துப் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஷீபா ஒன்று கேட்டார். அது வழக்குக்காக இல்லை. தெரிந்தும் ஏன் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை?

"காட்டிக்கிட்டா அப்புறம் போன் பண்ணவே கூச்சப்படுவாருங்க. அந்த ஒரு போனும் இல்லன்னா, அந்த மனுஷன் பொழுதை எப்படிப் போக்குவாரு?"

அந்த ஞாயிறு சாயங்காலம் அந்தப் படகுத்துறையில், போனில் வந்தவரையும் சேர்த்தால், இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். கோர்ட் நம்ப வேண்டுமே!