எதிர்மலையில் தெரிந்த ஆஸ்பத்திரி

போன வருடம் ஆடி மாதம். ஜெர்மனியின் பான் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எங்களிடம் தாதிப் பயிற்சிக்கு வந்திருந்த நேபாளப் பெண், ஓய்வறையில் கைபேசியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இங்குள்ள தமிழர்களைப் பார்த்து அவளும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். மற்றப் பேச்செல்லாம் ஜெர்மனில்.

"அக்கா, அம்மா புல் வெட்டப் போன இடத்தில் சரிவில் விழுந்துவிட்டார்."

திரையில் அவளுடைய அண்ணன். அவன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். எதிர்மலையில் ஒரு நீலக் கூரை. அதுதான் ஆஸ்பத்திரியாம்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். மலையும் ஆறும் இல்லாத ஊர். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். "பக்கம்தானே, தூக்கிக்கொண்டு போகலாமே" என்றேன்.

முடியாது என்று அவள் தலையை ஆட்டினாள். நடுவில் கிடுகிடு பள்ளம். அரை நாள் இறங்கி, ஆற்றைக் கடந்து, அதே அளவு ஏற வேண்டும். ஆற்றின் தொங்குபாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அடுத்த பாலத்துக்குப் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. மேகம் விலகாமல் ஹெலிகாப்டரும் வராது.

அப்போது உள்ளே வந்த தலைமைத் தாதி விஷயத்தைக் கேட்டு அவள் தோளைத் தட்டினார். "பயப்படாதே. நாங்கள் அங்கே மலையேறப் போனபோது என் கணவருக்குத் தலைசுற்றியது. உடனே ஹெலிகாப்டர் வந்தது. என்ன அழகான நாடு!"

அன்றைக்கு மட்டும் அவளை வேலையிலிருந்து விடுவித்து அறைக்கு அனுப்பும்படி அவரிடம் கேட்டேன். மாற்று ஆள் இல்லை என்றார்.

வீட்டில் என் கணவரும் அதையேதான் கேட்டார். "ஆஸ்பத்திரி தெரியுதெண்டு சொல்லுறீர், பிறகேன் கொண்டுபோக ஏலாது?"

"ஓமப்பா, எனக்கும் முதல்ல விளங்கேல்லை" என்றேன்.

மறுநாள் மேகம் கலைந்து ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் அது மேலே சுற்றுலாக்காரர்கள் தங்கும் பள்ளத்தாக்குக்குப் போனது. சத்தம் தலைக்கு மேலே கடந்துபோனதை அண்ணன் கேட்டிருக்கிறான். அன்று மாலைக்குள் அம்மா இறந்துவிட்டார்.

செய்தி வந்தபோது அவள் ஒரு முதியவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டி முடித்து, அவர் வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள். செத்தவீட்டுக்கு அவளால் போக முடியவில்லை. போயிருந்தாலும் ஊருக்குப் பாதை இல்லை.

சில வாரங்கள் கழித்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தலைமைத் தாதி நேபாளத்தில் தான் எடுத்த பனிமலைப் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு அறையில் மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் "நன்றி" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகு காட்டியே பரிமாறுகிறாள்.

யாராவது படத்தைப் பார்த்து அழகு என்று சொல்லும்போதெல்லாம், நல்ல மனதோடேயே ஒருவரை இவ்வளவு நோகடிக்கலாம் என்ற கசப்பு எனக்குள் எழுகிறது. இன்றுவரை அதை விழுங்கவும் முடியவில்லை, தலைமைத் தாதியிடம் சொல்லவும் முடியவில்லை.