அலுமாரிக்குள் இருந்த சீனி

காலை எட்டு மணி பத்து நிமிடம். நான் முதலில் கவனித்தது, எனக்குத் தந்த தேநீர்க் கிளாசின் அடியில் கரையாமல் கிடந்த சீனியை.

தொண்ணூறுகளின் தொடக்கம், மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை. போரால் தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தன. நான் அப்போது பத்திரிகை நிருபர். முகாமைப் பற்றி எழுதச் சைக்கிளில் போயிருந்தேன். பொருளாதாரத் தடைகளால் சீனி அரிதாகிப்போன காலம் அது. வீடுகளில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்போம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு பனங்கட்டித் துண்டு. சீனி போட்டுக் கலக்கிய தேநீர் என்றால், அது மரியாதை.

மரியாதை செய்தவர் முகாம் குழுவின் தலைவர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அலுவலக அறை அலுமாரியைப் பூட்டிய திறப்பு அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

"செவ்வாய்க்கிழமைதான் சீனி வந்தது, தம்பி. உடனை உள்ளுக்கு வைச்சுப் பூட்டிப்போட்டன். வெளியிலை விட்டா எறும்பும் திண்டுடும், சனமும் திண்டுடும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வகுப்பறைகளைப் பார்க்கப் போனேன். முதல் அறையில் ஒரு பாயைச் சுருட்டிச் சுவரோடு சாத்தியிருந்தார்கள். சனம் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்த அந்த அறையில், பாயைச் சுற்றி மட்டும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

அடுத்த அறை உயர்தர விஞ்ஞான வகுப்பு. கரும்பலகையில் கடைசிப் பாடம் அழிக்கப்படாமல் இருந்தது. கலமென்சவ்வின், அதாவது உயிரணுவின் மெல்லிய உறையின், படம். உருண்டைத் தலையும் இரண்டு வாலுமாக, இரண்டு வரிசைகள் எதிரெதிரே நின்றன. இடையிடையே வரிசையைத் துளைத்துக்கொண்டு பருத்த உருவங்கள். அருகே 'புரதம்' என்று எழுதியிருந்தது. படத்தின் கீழே, பாயில், மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று கிடந்தது. கண்கள் குழிவிழுந்திருந்தன. தாய் கோப்பையில் உப்புத்தண்ணீரோடு பக்கத்தில் இருந்தாள்.

"அழுகிறாள், கண்ணீர் வருகுதில்லை ரீச்சர்" என்றாள்.

ரீச்சர் என்றது அந்தப் பாடசாலையின் உயிரியல் ஆசிரியையை. இருபத்தைந்து வயது இருக்கும். வகுப்புகள் நின்றுபோயிருந்தாலும் தினமும் வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகாமில் வயிற்றோட்டம் பரவி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி தந்த கரைத்துக் கொடுக்கும் பைக்கற்றுகள் முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிட்டன.

உப்புத்தண்ணீர் போதாதா என்று கேட்டேன். அவர் எழுந்து கரும்பலகையைக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை. இது குடல் கலத்தின்ரை மென்சவ்வெண்டு வையுங்கோ. ரெண்டு அடுக்குக் கொழுப்பு. அதுக்குள்ளாலை உப்புப் போகாது. இந்தப் புரதங்கள்தான் வாசல். இதிலை ஒரு வாசல், உப்பும் சீனியும் சோடியா வந்தாத்தான் உள்ளை விடும். அதுகள் போனாத் தண்ணி தானாப் பின்னாலை போகும். இந்த வருத்தத்திலையும் அந்த வாசல் பழுதாகிறேல்லை. உப்பை மட்டும் குடுத்தா, குடிச்சது வெளியிலைதான் போகும்."

"அப்ப சீனி?"

"அலுமாரியிலை."

மூன்று தடவை கேட்டிருக்கிறார். சீனி மருந்துப் பட்டியலில் இல்லை, அது வருபவர்களை உபசரிக்க என்று பதில் வந்திருக்கிறது. முகாமில் பனங்கட்டி முடிந்துவிட்டது. கஞ்சி வைக்க அரிசி பின்னேரம்தான் வரும். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வாகனம் தேடி விடியவே போன தகப்பன் இன்னும் திரும்பவில்லை.

என் நாக்கில் இனிப்பு இன்னும் இருந்தது.

இருவரும் அலுவலக அறைக்குப் போனோம். தலைவர் எழும்பவில்லை.

"ரீச்சர், எத்தினை தரம் சொல்லுறது? நாளைக்கு மேலிடத்து ஆக்கள் வருவினம். வெறுந்தேத்தண்ணியே குடுக்கிறது? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? வயித்தாலை போற பிள்ளைக்கு இனிப்புக் குடுக்கப்படாதெண்டு ஊருக்கே தெரியும்."

"வாற பெரியாக்கள் ஒருநாள் வெறுந்தேத்தண்ணி குடிச்சாச் சாகமாட்டினம், ஐயா. அங்கை கிடக்கிற பிள்ளையும் போகவேணுமே?"

அவர் என்னைப் பார்த்தார். தம் தேநீரைக் குடித்தவன் தம் பக்கம் பேசுவான் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அலுமாரியைத் திறவுங்கோ, ஐயா. இல்லாட்டி உங்கடை பேரைப் போட்டு எழுதுவன்" என்றேன்.

பிள்ளைக்குத் திறக்காத அலுமாரி பத்திரிகைக்குத் திறந்தது.

கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான். தாய் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். பிள்ளை முதலில் சத்தி எடுத்தது. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பருக்கினாள். பதினொன்றரை மணிக்குப் பிள்ளை அழுதது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. தாய் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என் செய்தி வெளிவந்தபோது சீனியைப் பற்றிய பந்தி அதில் இல்லை. உதவி செய்பவர்களின் மனம் நோகும் என்று வெட்டிவிட்டார்கள். நான் சண்டை பிடிக்கவில்லை. பெயர் போட்டு எழுதுவேன் என்று அதட்டிய அதே நான்தான்.

அந்தத் தலைவர் ஒரு கரண்டி சீனிகூடத் தமக்கென்று எடுத்தவர் அல்ல. தம் கடமையைச் செய்வதாகவே நினைத்திருந்தார். இத்தனை ஆண்டுகளாகியும் என் கோபம் ஆறாததற்கு அதுவே காரணம்.

அன்று புறப்படுமுன், முதல் அறையில் சுருட்டி வைத்திருந்த பாய் யாருடையது என்று ஆசிரியையிடம் கேட்டேன். இரண்டு வயது ஆண்பிள்ளை ஒன்றின் பாய். அதே வயிற்றோட்டம். பிள்ளை இறந்தது வியாழக்கிழமை.

சீனி வந்தது செவ்வாய்க்கிழமை.