திருப்பிவைத்த திரை

ஐ.டி. சாரை நினைத்தால், அவர் முகம் வருவதற்கு முன்பே, கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் கிரீச் சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வரும். கேரளத்தில், ஏலப்பாறைக்கு மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளியில் நான் தமிழ்வழி ஆசிரியை. கணினி அறை அவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளின் எட்டுக் கணினிகளில் மட்டும் வைஃபை செத்துப்போகும். நாலு நாள் அலையவிட்டு வருவார். திரையைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஒரு வரி அடிப்பார், உயிர் வந்துவிடும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "லயத்துப் பிள்ளைகளுக்கு இதுவே ஜாஸ்தி டீச்சரே. நாளைக்குக் கொழுந்து கிள்ளத்தானே போகுதுக?" என்பார். அவரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதே லயத்தில், பிறந்தவர்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நெருங்குகையில் மறுபடி செத்தது. பயிற்சிப் பாடங்கள் இணையத்தில்தான் வரும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை அவரிடம் நான் போய் நிற்கவில்லை. மாட்யூல் என்ற சின்னக் கோப்புதான் வைஃபையை இயக்குகிறது, அது /lib/modules என்ற அடைவுக்குள், அதாவது ஃபோல்டருக்குள், இருக்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். வைஃபை ஓடுகிற மற்ற வகுப்புக் கணினி ஒன்றில் modinfo கட்டளை அதன் இடத்தைச் சொன்னது. எங்கள் கணினியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. find கட்டளையால் வட்டு முழுக்கத் தேடினேன். கோப்பு அழியவில்லை, வேறோர் இடத்துக்கு நகர்ந்திருந்தது. அந்த இடத்தின் பாதையை அப்படியே தாளில் எழுதிவைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெற்றோர் கூட்டம். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியரும் வேலைக்கு லீவு போட்டு வந்த அம்மாக்களும் பார்த்திருக்க, புரொஜெக்டரில் அதே கட்டளையை அடித்து, என் மாணவி ஒருத்தியை உரக்கப் படிக்கச் சொன்னேன். கோப்பு இருந்த அடைவுக்கு ஐ.டி. சாரின் பெயர். தன் பெயரை வைக்காமல் அவரால் எதையும் ஒளித்துவைக்கவும் முடியவில்லை.

"கை தவறிப் போயிருக்கும்," என்றார் கூட்டத்தில் இருந்த ஐ.டி. சார்.

"எட்டு கம்ப்யூட்டர்லயுமா சார் கை தவறுச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண்ணின் அம்மா.

அவர் முகம் வெளிறியதை ஆசைதீரப் பார்த்தேன். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கோப்புகளை அதனதன் இடத்தில் வைத்ததும் வைஃபை வந்தது, பிள்ளைகள் தேர்வை முடித்தார்கள். அவர் மாற்றலாகிப் போனார்.

பல வருடம் கழித்து, போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்றுவிட்டாராம். மடிக்கணினியில் வைஃபை போய்விட்டதாம். "புதுசா என்னென்னமோ மாத்திட்டாங்க டீச்சரே, ஒண்ணும் பிடிபடல. எப்படின்னு சொல்லிக்குடுங்களேன்," என்றார். உட்காரச் சொல்லி டீயும் கொடுத்தேன். கட்டளையை அடிக்கப் போனபோது பார்ப்பதற்காக எட்டிக் குனிந்தார்.

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.