மல்லாவியில எல்லாருக்கும் ஒரே உடம்பு

டிசைன் படிக்கிற ஆக்களுக்கு ஒரு வசதி இருக்கு: நாங்கள் என்ன செய்யிறம் எண்டு ஒருதருக்கும் விளங்காது, ஆனா பிழையாச் செய்தால் எல்லாருக்கும் உடன விளங்கிப்போடும். கம்பஸில கிராபிக் டிசைன் படிக்கிற, படிச்சு முடிச்ச, முடிச்சுப்போட்டுத் திருவிழா பனர் அடிச்சுக்கொண்டிருக்கிற சக பாவிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மற்றவைக்காகச் சொல்லுறன்.

பென்சில்

நான் படிக்கிறது வவுனியாவில. கடைசி வருசத்தில ஒரு புரொஜெக்ட் செய்து காட்டவேணும். முதல்தரம் நான் கொண்டுபோனது உலகத்திலயே இல்லாத ஒரு தேயிலைக் கொம்பனிக்குச் செய்த பெட்டி. அழகெண்டா அப்பிடியொரு அழகு. எங்களுக்குப் படிப்பிக்கிற மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு பெயில் போட்டா. இனி ஒருதரம்தான் இருக்கு. அதிலயும் விழுந்தா அந்த வருசம் முழுக்கத் திரும்பப் படிக்கவேணும்.

எங்கட ஊர் மல்லாவிக்கு வந்து வீட்டில சொன்னன். அப்பா வயலால வந்து கால் கழுவிக்கொண்டு நிண்டவர். என்ர படிப்பில அவருக்கு முதல்நாளே சந்தேகம். இன்னொரு வருசம் அனுப்ப ஏலாது, கிளிநொச்சியில மாமா சொன்ன பைனான்ஸ் கொம்பனி வேலைக்குப் போகலாம் எண்டார். கோவமாக்கூடச் சொல்லேல்லை, அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது. பிறகு துவாயால முகத்தைத் துடைச்சுக்கொண்டு கேட்டார்:

"படம் கீறுறதுக்கு எதுக்குப் பிள்ளை இன்னொரு வருசம்? பென்சில் தீந்திட்டுதோ?"

மிஸ்ஸின்ர நிபந்தனை

ரண்டாந்தரத்துக்கு மிஸ் கடுமையா நிபந்தனை போட்டா. உண்மையான ஒரு ஆளுக்கு, உண்மையான ஒரு தேவைக்குச் செய்யவேணும். அது அச்சாகிச் சனத்தின்ர கைக்குப் போயிருக்கவேணும். உள்ளுக்க இருக்கிற படமெல்லாம் அந்த ஆளின்ரயாத்தான் இருக்கவேணும், இன்டர்நெட்டில சுட்ட சிரிப்பு, கடையில எடுத்த ரோசாப்பூ ஒண்டும் ஆகாது. நான் எல்லாத்துக்கும் ஓம் மிஸ், ஓம் மிஸ் எண்டு தலையாட்டினன். வாசலைத் தாண்டேக்க பின்னால இருந்து கூப்பிட்டுச் சொன்னா:

"ஒருதரும் கையில எடுக்காத வேலையை எனக்குக் கொண்டுவராதேங்கோ. அதை உங்கட அம்மாவுக்குக் காட்டுங்கோ."

கடை உடம்பு

சனி ஞாயிறில நான் வேலை செய்யிறது மல்லாவிச் சந்தையடியில சேகர் அண்ணையின்ர ஸ்டூடியோவில. கலியாண அல்பம், பிள்ளையள் பெரியாளான சாமத்தியவீட்டு பனர், மரண அறிவித்தல், எல்லாம் அங்கதான். எங்கட சனம் இடம்பெயர்ந்து திரிஞ்சதில படங்களைத் துலைச்ச சனம். ஆரும் செத்தா வீட்டுக்காரர் கொண்டுவாறது அனேகமா அடையாள அட்டைப் படம். அதில தலையும் சேட்டுக் கொலரும் மட்டும்தான் இருக்கும்.

உடம்பு சேகர் அண்ணையின்ர கொம்பியூட்டரில இருக்கு. ரண்டு வகை: ஒண்டு கோட்டும் டையும், மற்றது பட்டு வேட்டி சால்வை. பிள்ளையள் வெளிநாட்டில இருந்தாக் கோட், இல்லாட்டிச் சால்வை. இஞ்ச கன வீட்டுச் சுவரில ஒரே நெஞ்சுதான் மாலையோட தொங்குது. எனக்கு இதைக் கண்ணில காட்டக்கூடாது. ஒருநாள் வாய் பொறுக்காமல், மெலிஞ்சவைக்கு ஒரு மெலிஞ்ச உடம்பாவது தேடுவமே எண்டு கேட்டன். அண்ணை தேத்தண்ணியைக் கீழ வைக்காமலே சொன்னார்:

"செத்தவர் வந்து அளவு பாக்கப்போறாரே? நீ தலையை ஒட்டு."

வெறுமையான இடம்

அந்த மாதிரி நேரத்திலதான் கமலாக்காவின்ர புருசன் இராசன் அண்ணை நெஞ்சுநோவில செத்துப்போனார். எங்கட வயலுக்குப் பக்கத்து வயல்காரர், நல்ல மனுசன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு கல்வெட்டு அடிக்கவேணும் எண்டு கமலாக்கா கடைக்கு வந்தா. தெரியாதவைக்காகச் சொல்லுறன், கல்வெட்டு எண்டா கல்லில வெட்டுறேல்லை. செத்தவற்ற வாழ்க்கை வரலாறு, தேவாரம், சொந்தபந்தத்தின்ர பேர் எல்லாம் போட்டு, மத்தியானம் சாப்பிட்ட பிறகு சனத்துக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம். உண்மையான ஆள், உண்மையான தேவை, சனத்தின்ர கை. அந்தியேட்டிக்கு அடுத்த நாள் எனக்குக் கம்பஸில கடைசிப் பரிசோதனை. நானே செய்து தாறன் அக்கா எண்டு கெஞ்சாத குறையாக் கேட்டு வாங்கினன்.

அட்டையில ஒரு நெற்கதிர், கீழ அவற்ற பேர், மிச்சமெல்லாம் வெள்ளை. நாலு வருசம் படிச்சதெல்லாம் அந்த வெள்ளையிலதான் இருந்தது. கமலாக்கா கனநேரம் பாத்தா. முகத்தில பயம் தெரிஞ்சது.

"வடிவாத்தான் இருக்குப் பிள்ளை. ஆனா இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, ஆரின்ரயும் பேரை விட்டுப்போட்டியோ?"

சால்வை

ஒருமாதிரி வெள்ளையைக் காப்பாத்தினன். உள்ளுக்கப் போடுற படத்திலதான் மாட்டுப்பட்டன். அவவிட்டயும் அடையாள அட்டைப் படம் மட்டும்தான். காணிக்கும் கடைக்கும் ஓடித்திரிஞ்ச மனுசன், பட்டு வேட்டி கட்டி ஒருநாளும் நிண்டதில்லை, ஒருக்கா எண்டாலும் சால்வையோட போட்டுத் தா எண்டு கேட்டா. மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அச்சகத்துக்குப் பின்னேரமே அனுப்பவேணும். சேகர் அண்ணையின்ர சால்வை உடம்பைத் திறந்து, தலையை ஒட்டி, கழுத்து நிறத்தைச் சரிப்படுத்தினன். மிஸ்ஸின்ர முகம் கண்ணுக்குள்ள வந்து வந்து போச்சு. ஆர் போய்ச் சொல்லப்போயினம் எண்டு மனதை அடக்கிக்கொண்டு, படத்தைக் கமலாக்காவின்ர போனுக்கு அனுப்பினன். உடன எனக்குக் கோல் எடுத்தா.

"இப்பிடி இவரை நான் கண்டதே இல்லைப் பிள்ளை."

சங்கிலி

அந்தியேட்டி அண்டு காலமை நானும் சேகர் அண்ணையும் புத்தகக் கட்டோட போனம். அப்பாவும் அங்க பந்தலுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டவர். கட்டை முதல் பிரிச்சது செத்தவற்ற தமக்கை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பாத்தவா, பாத்தபடியே நிண்டா. பிறகு மெதுவாக் கேட்டா, தம்பிக்கு இவ்வளவு மொத்தச் சங்கிலி இருந்ததோ, அது இப்ப எங்க கமலா எண்டு.

நான் எட்டிப்பாத்தன். சால்வைக்கு நடுவில, நெஞ்சில, மினுமினுவெண்டு ஒரு சங்கிலி. வெள்ளையைப் பாத்த எனக்கு அது கண்ணிலயே படேல்லை. கமலாக்கா இல்லை மச்சாள், அவருக்கு ஒருநாளும் சங்கிலி இல்லை எண்டா. அப்ப படத்தில கிடக்கிறது என்ன எண்டு அவா கேட்டா. குசினிக்குள்ள தேங்காய் திருவினதும் நிண்டுபோச்சு. எல்லாரும் கமலாக்காவைத் திரும்பிப் பாத்தினம். புருசன் செத்து ஒரு மாசத்தில, சங்கிலியை ஒளிச்ச பொம்பிளை ஆக்கிப்போட்டன். வாயைத் திறந்தா இது ஒட்டுவேலை எண்டு அப்பாவுக்கு முன்னால வெளியில வரும், பிறகு கம்பஸுக்கும் போகும். திறக்காமல் நிக்கவும் ஏலாது. அது அண்ணையின்ர உடம்பில்லை, கடை உடம்பு எண்டன். தமக்கை நம்பேல்லை, அவளைக் காப்பாத்தக் கதை விடாத எண்டா.

அப்பதான் சேகர் அண்ணை எழும்பினார். சேட்டில மேல் தெறியள் ரண்டையும் கழட்டி, உள்ளுக்க இருந்து அதே சங்கிலியை வெளியில இழுத்தார்.

"அக்கா, நெஞ்சும் என்ர, சங்கிலியும் என்ர. தலை மட்டும்தான் உங்கட தம்பி."

மேலயும் கீழயும்

ஒருதரும் சிரிக்கேல்லை. கமலாக்கா மட்டும், எனக்குச் சால்வை வேண்டாம், அவர் இருந்தபடி போடு பிள்ளை எண்டா. சேகர் அண்ணை கடைக்கு ஓடிப்போய், அடையாள அட்டைப் படத்தை அந்தப் பழைய கொலர் சேட்டோட ஸ்டிக்கரில அடிச்சுக்கொண்டு வந்தார். கத்தரிக்கோலோட முதல் வந்து குந்தினது தமக்கைதான். கமலாக்காவுக்குப் பக்கத்தில இருந்து வெட்டிக் குடுத்தா. அப்பாவும் வந்து சால்வைப் படத்துக்கு மேல ஒட்டினார், எல்லாம் கோணல். பந்தி எழும்பமுன்னம் வேலை முடிஞ்சுது.

அடுத்த நாள் மிஸ்ஸின்ர கைக்குப் போனது அப்பா ஒட்டினதில ஒண்டு. கோணல் மூலையை நகத்தால கிளப்பிப் பாத்தா. கீழ சால்வைக் கரை தெரிஞ்சுது. இனி ஒளிக்க என்ன கிடக்கு எண்டு சங்கிலி வரைக்கும் எல்லாத்தையும் சொன்னன். அவா மூலையைப் பெருவிரலால திரும்ப அமத்தி ஒட்டினா.

"மேல கிடக்கிறதுக்குப் பாஸ் போடுறன். கீழ கிடக்கிறதை இனிச் சென்மத்துக்கும் செய்யாதேங்கோ."

முழு உடம்பு

பாஸ் எண்டு சொல்ல அப்பா தலையை ஆட்டிப்போட்டுக் கால் கழுவப் போனார். பைனான்ஸ் கொம்பனிக் கதையும் எடுக்கேல்லை. எனக்கு அது போதாமல் இருந்தது, உண்மையைச் சொன்னா அழுகையும் வந்தது. அடுத்த நாள் காலமை வயலுக்கு வெளிக்கிட்டவர், மண்வெட்டியைக் கிணத்துக்கட்டில சாத்திப்போட்டு, மடிச்சுக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டு, வெறும் மேலோட எனக்கு முன்னால வந்து நேரா நிண்டார்.

"பிள்ளை, எனக்கு இப்பவே ஒரு படம் எடுத்து வை. என்ர உடம்போட."

நாலு வருசம் கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருந்து நான் படிச்ச டிசைன் முழுக்க இவ்வளவுதான்: ஆள் உயிரோட இருக்கேக்க ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கோ, இல்லாட்டிச் சேகர் அண்ணையின்ர நெஞ்சோடதான் சுவரில ஏறவேண்டி வரும்.