மார்கிறட் மிஸ்ஸின் உண்மை வசனம்

பலகையில் 'புட் ஓஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அர்த்தம் சொல்லாமல் கையிலுள்ள சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டு நின்றார் மார்கிறட் மிஸ். தள்ளிப்போடுவது என்று நான் முணுமுணுத்ததும் முறைத்தார். தமிழில் சொல்லிவிட்டால் நாங்கள் அதோடு நித்திரைக்குப் போய்விடுவோமாம்.

கல்லடியில் தன் வீட்டு முன்னறையில், வேலை முடிந்து வரும் எங்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறார். வகுப்பில் ஒரே சட்டம்தான். அன்றைய சொல்லை வைத்து, அவரவர் சொந்த வாழ்க்கையிலிருந்து உண்மையான வசனம் ஒன்று சொல்ல வேண்டும். "பொய் வசனம் நாக்குல ஒட்டாது" என்பார். சந்தேகம் வந்தால் பொலிஸ் விசாரணைதான். மிஸ் பக்கத்து வீடு என்பதை மறந்து, விடியலிலேயே எழும்புவதாக ஒருமுறை ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். "அப்ப ஏழு மணிக்கு பாண்காரன் உங்கட கேற்றடியில நிண்டு கத்துறானே, அது ஆரை எழுப்ப?" என்றார். வகுப்பே சிரித்தது.

குரலுக்கு ஒரு குறையும் இல்லை, கண்தான் மோசம். வெண்படலம் படர்ந்து, புத்தகம் மூக்கில் முட்டுகிறது. ஒப்பரேசனுக்குக் கிளினிக்கில் கொடுத்த திகதியை இரண்டு தடவை மாற்றிவிட்டார். இனியும் பிந்தினால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொன்னதை அவரே எங்களிடம் சிரித்தபடி சொன்னார். "நத்தார் பண்டிகை முடியட்டும், மறுகா பாப்பம்." எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று மீன் வியாபாரி அன்ரோ, பல் பிடுங்குவதைத் தள்ளிப்போட்ட கதையைச் சொன்னார். வங்கியில் வேலை செய்யும் தனுஷியா, வீட்டுக் கூரை திருத்துவதைத் தள்ளிப்போட்டு மழையில் நனைந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "மிஸ், உங்கட வசனம்?" என்றாள்.

மிஸ் யோசிக்கவே இல்லை. தான் காரியங்களை ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை என்று ஆங்கிலத்தில் பலகை நிறைய எழுதினார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தக் கண், மிஸ்?" என்றார் அன்ரோ, மெதுவாக.

மிஸ் பலகையில் முகத்தை ஒட்டி, தான் எழுதியதையே தடவித் தடவித் தேடினார். 'ஒருபோதும் இல்லை' என்று பொருள்படும் 'நெவர்' என்ற சொல்லை மட்டும் உள்ளங்கையால் அழித்தார். பிறகு கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்துத் தனுஷியாவிடம் நீட்டினார்.

"கிளினிக் நம்பர் அதுல இரிக்கு. எடுத்துத் தாங்க பிள்ளை, எனக்குத் தெரியுதில்ல."