ஒரே அளவாகப் பார்த்து வாங்கிய மீன்கள்

முந்தலில் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்கிறேன். அங்கே குளத்தில் குஞ்சு விடும்போது எல்லாம் ஒரே அளவா என்று பார்த்துத்தான் விடுவோம். இல்லாவிட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். வீட்டு மீன் தொட்டிக்கும் அதே கணக்குப் போட்டதுதான் என் பிழை.

மகள் ஆசைப்பட்ட நான்கு ஏஞ்சல் மீன்களோடு, எனக்குப் பிடித்த ஒஸ்கார் ஒன்றையும் எடுத்தேன். இரண்டும் தென்னமெரிக்க இனம், இரண்டும் என் பெருவிரல் அளவு.

"ஒஸ்கார் முரட்டு மீன், யோசிச்சு எடுங்க," என்றார் கடைக்காரர்.

"இறால் வளக்கிறவனுக்கே மீன் காட்டுறீங்களா?" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

ஏழெட்டு மாதத்தில் ஒஸ்கார் என் உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிட்டது. ஒருநாள் காலையில் மகள் கத்தினாள்.

"வாப்பா, ஏஞ்சல் மூணுதான் இரிக்கி! ஒண்டக் காணல்ல!"

நான் ஒஸ்காரின் வயிற்றைத்தான் பார்த்தேன். மனைவிதான் தொட்டிக்குள் கைவிட்டு வடிகட்டியை நகர்த்தினாள். அதன் பின்னால், செட்டை கிழிந்து, ஏஞ்சல் ஒளிந்திருந்தது. உயிர் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! பண்ணையில நாலு மாசத்தில இறாலப் புடிச்சிருவீங்க. இத யாரு புடிக்கப் போறா? வளந்துக்கிட்டுத்தானே இரிக்கும்," என்றாள்.

ஓம், அதை நான் யோசிக்கவேயில்லை.

ஒஸ்கார் இப்போது முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் தனி ராஜா. ஏஞ்சலுக்குச் செட்டை மறுபடி வளர்ந்துவிட்டது. கடைக்குப் போனால் நான் இப்போது முதலில் குஞ்சைப் பார்ப்பதில்லை. "இதில வளந்தது ஒண்டு இருந்தாக் காட்டுங்க," என்கிறேன்.