எதை வைத்துத் துடைப்பது?

துணி காயப்போடும் முன் சித்தி கொடிக் கயிற்றை ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பாள். சென்னைக்கு வடக்கே, அனல்மின் நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் பழகிய கை. பள்ளிக்கு லீவு விழும் அமாவாசைகளில் மகனைக் கூட்டிக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு வருவாள். அப்படியே செஞ்சி பக்கம் சிங்கவரத்தில் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்குவாள். இங்கேயும் கயிற்றைத் துடைப்பாள். "இன்னாடி, இங்க இன்னா சாம்பலா பறக்குது?" என்று அம்மா சிரிப்பாள். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா" என்பாள் சித்தி.

பையனுக்கு வீசிங். இங்கே வந்த இரண்டாம் நாளே இழுப்பு அடங்கிவிடும். அங்காளம்மன் குணப்படுத்திவிட்டாள் என்று நம்பி, ஒருமுறை ஊர் திரும்பியதும் மருந்துப் பம்ப்பை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் பையன் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தான். அக்கா ஊரில் நன்றாகத்தானே இருந்தான் என்று அவள் அழுததற்கு டாக்டர், "அப்ப உங்க ஊர் காத்துதாம்மா காரணம்" என்று முடித்துவிட்டாராம்.

நான் அப்போதுதான் சுற்றுச்சூழல் படிப்பை முடித்திருந்தேன், வாய் ஓயாது. நிலக்கரிப் புகையின் நுண்தூசி அக்கம்பக்கத்து நுரையீரல்களில் இறங்குகிறது, கூடவே வரும் கார்பன் வாயு வானில் தங்கி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று விளக்கினேன்.

"கார்பன் கார்பன்றியே, அது இன்னா கலரு?"

"கலரே கெடையாது சித்தி."

"அப்ப எத வச்சித் துடைக்கறது?"

அந்தச் சித்திரையில் வேர்க்கடலை பிடுங்கப் போன என் நைனா வெயிலில் மயங்கி நிலத்திலேயே விழுந்தார். செஞ்சிப் பாறைகள் பொழுது சாய்ந்தும் சுட்டன. ஒரு நாள் வெயிலுக்கு ஒரு புகைபோக்கியின் மேல் பழி போட முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் சூட்டில் அதற்கும் பங்கு உண்டு. இதைச் சொன்னபோது சித்தி நைனாவின் கட்டிலருகே இருந்தாள். "அங்க என் புள்ள, இங்க மாமாவா?" என்றாள்.

மின்நிலையப் புகைக்கு வரம்பு வைப்பது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. பேசுகிறேன் என்றாள் சித்தி. சித்தப்பாவோ அதே நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. "எம்பேரு தெரிஞ்சா கேட்டுலயே நிறுத்திடுவாங்க" என்றார். பேசாதே என்று மட்டும் சொல்லவில்லை.

நான் எழுதிக்கொடுத்த நான்கு பக்கத்தைக் கூட்டத்தில் மடித்துப் பைக்குள் போட்டுவிட்டாள். பதிவு மேசையில் அதிகாரி கேட்டார்: "கணவர் பேரு?"

சித்தி சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "புருஷன் பேர வாயால சொல்ற பழக்கம் எங்க ஊர்ல கெடையாதுங்க சார்."

தெருமுனை வரை கேட்கிற மாதிரி சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கத்துகிற சித்தி! எனக்குச் சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது. அதிகாரி அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "பேசுங்கம்மா" என்றார். மைக்கைப் பிடித்ததும் சித்தியின் தலை நிமிர்ந்துவிட்டது. "என் புள்ள மூச்சு விடணும்னா நாலு மணி நேரம் பஸ் ஏறிப் போவணும். போற ஊர்ல சூடு தாங்கல. இன்னும் எங்க சார் போறது?"

மறுநாள் சித்தப்பா ஷிப்ட்டுக்குப் போனார். கேட்டில் யாரும் நிறுத்தவில்லை. பையன் இப்போது எங்களோடு தங்கிச் செஞ்சியில் படிக்கிறான். வரம்பு இன்னும் வரவில்லை.